பதினெட்டு கிலோ நானூறு கிராம்

சந்தையில் அவருக்கு எடைக்கல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே நடமாடியதில்லை. எடையளவு அலுவலகத்தில் அவர் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பறிமுதல். அவர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், மீன் கடைக்காரர் முகத்தில் ஒரு துறவியின் சாந்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்து கிலோ கல்லை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடி இரண்டு அசைப்பு அசைத்து, "இருபது கிராம் கம்மி" என்பார். கல்லைப் புரட்டினால் அடியில் துளை இருக்கும். அலுவலகத்தில் நிறுத்தால் பத்தொன்பதோ இருபத்தொன்றோ குறையும். அந்த ஒரு கிராம் வித்தியாசத்துக்கும் அலுவலகத் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இப்பேர்ப்பட்ட கை உள்ளவரைப் பதினோரு வருஷம் ஒரே ஆள் எடையில் ஏமாற்றி வந்தது சந்தைக்குத் தெரிந்திருந்தால், அன்று யாரும் கடை திறந்திருக்க மாட்டார்கள். சிரிக்கவே நேரம் போதாது. ஏமாற்றியது இருபது கிராம் இல்லை. எட்டரைக் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. ஆதாரமெல்லாம் கைவசம் இருக்கிறது. வழக்குப் போடத்தான் வழியில்லை.

எடைக்கல்லுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று காடு. மற்றது பழைய சாமான். தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டும் மரியாதையான பைத்தியங்கள்தான். இவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை பஸ் ஏறி மலையடியில் இறங்கி, ஒரு மணி நேரம் ஏற்றம் ஏறி, ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, ஞாயிறு மதியம் திரும்புவது வழக்கம். கடையில் புதிதாக வாங்கிய சாமானோடு காட்டுக்குப் போவது ஹோட்டலுக்குப் போவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. ஐம்பது வயதுக்குக் குறைந்த எதையும் அவர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனதில்லை, மனைவி நீங்கலாக. அவளும் ஒருநாள் அந்த வயதை எட்டிவிடுவாள் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

மெழுகு பூசிய கான்வாஸ் கூடாரம் ஒன்று வைத்திருந்தார். அதை நட இரும்பு முளைகள், முளையை அடிக்க மரத்தில் கடைந்த கொட்டாப்புளி. பம்ப் அடித்துப் பற்றவைக்கும் பித்தளை ஸ்டவ். முழ நீளக் கைப்பிடி போட்ட இரும்பு வாணலி. அரிக்கேன் விளக்கு, கைக்கோடாலி, கம்பளி. இவ்வளவையும் அடைக்க மரச்சட்டமும் தோல்வாரும் வைத்த முதுகுப்பை. அது யாரோ ஒரு நில அளவையாளர் சாகும்வரை சுமந்தது என்று பழைய சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார். சாகும்வரை என்பதில் ஏதாவது தகவல் இருக்கிறதா என்று இவர் யோசிக்கவில்லை. ஸ்டவ் சூடேறிப் பற்றிக்கொள்ள இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் தேநீர் ஆசையே ஆறிப்போகும். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் பஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சடங்கு மாதிரி நடக்கும். கூடத்தில் அலுவலக ஏலத்தில் எடுத்த பழைய மேடைத் தராசு ஒன்று சோபா இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும். விருந்தாளிகள் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஒவ்வொரு சாமானையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, நிறுத்து, பைக்குள் அடுக்கி, மொத்தப் பையையும் மேடையில் ஏற்றுவார். பதினெட்டு கிலோ நானூறு கிராம். ஒரு அட்டையில் எழுதிப் பையின் காதில் கட்டுவார். அடுத்து மனைவியின் பை. ரொட்டி, முட்டை, தண்ணீர், மாற்றுத்துணி, இரண்டு போர்வை, ஒரு சின்னத் தலையணை. ஆறு கிலோ. அதற்கும் அட்டை.

அந்தத் தலையணை மேல் அவருக்குத் தீராத எரிச்சல். காட்டுக்குப் போகிறவளுக்குத் தலையணை எதற்கு, அப்படியே கட்டிலையும் ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாமே என்பார். அவள் பாட்டுக்குத் தலையணையைத் தட்டி மடித்து உள்ளே வைப்பாள்.

சனிக்கிழமை காலை அவர் சவரம் செய்வார். அதுவும் பழைய முறைதான். சோப்புக் கிண்ணத்தில் நுரை அடித்து, தோல்பட்டையில் கத்தி தீட்டி, கன்னத்தை ஊதி, ஒரு பாட்டை ஹம் செய்து முடிக்க இருபத்தைந்து நிமிஷம். வெளியே வரும்போது மனைவி அவர் பையைச் சாப்பாட்டு மேசை மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். இவர் முதுகைக் காட்டி நின்று இரண்டு கையையும் வாருக்குள் நுழைத்தால் போதும். பஸ்ஸில் இறக்கி வைப்பதும் அவள். மலையடியில் மறுபடி மாட்டிவிடுவதும் அவள். ஏரிக்கரை போய்ச் சேர்ந்ததும் முதுகிலிருந்து வாங்கிக்கொள்வாள். இவர் பைனாகுலரோடு இடம் பார்க்கப் போவார். காற்று எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம், பறவை என்ன ஜாதி என்று முடிவு செய்துவிட்டுத் திரும்பும்போது, ஸ்டவ்வும் வாணலியும் முளைகளும் கல்லின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். திரும்பிவரும்போது பை கட்டுவதும் அவள் பொறுப்பே. இவ்வளவு பணிவிடை செய்கிற மனைவி இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிச் சக ஊழியர்களின் வீடுகளில் சண்டை மூட்டிவிட்டிருந்தார்.

கவனித்தால் ஒன்று தெரியும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பை ஒரு தடவைகூட அவர் கைக்கு வரவில்லை. முதுகுக்குத்தான் வந்தது. அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுக்கக் கையில் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. சந்தை நடுவில், ஒரு வெங்காய வியாபாரியோடு வாதம் செய்துகொண்டிருந்தபோது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மனைவியின் தங்கை அங்கேதான் நர்ஸ். டாக்டர் தங்கமானவர். தாராளமாக நடங்கள், மலை ஏறுங்கள், பத்து கிலோவுக்கு மேல் மட்டும் சுமக்காதீர்கள் என்றார். எடைக்கல் அதற்கு, உங்கள் வார்டில் இருக்கிற எடை மெஷின் அறுநூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, அது தெரியாமல் இத்தனை நாள் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள், நீங்கள் எனக்குக் கிலோக் கணக்குச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நர்ஸ் போய்ச் சோதித்தாள். அறுநூறு கிராம் கூடுதல்தான்.

மூன்று மாதம் கழித்து வெள்ளிக்கிழமைத் தராசு மறுபடி பதினெட்டு நானூறு காட்டியது. மனைவி ஸ்டவ்வையாவது விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஸ்டவ் இல்லாவிட்டால் நானும் இல்லை, வீட்டிலேயே கிடக்கிறேன், ஒரேயடியாக நோயாளியாகிவிடுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.  மறுநாள் காலை அவர் நுரை அடிக்கப் போனார்.

அன்றைக்கு ஏற்றத்தில் பை பூ மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், பையில் ஏதோ குறைகிறதே என்று நினைத்திருப்பான். எடைக்கல் பழைய பொருளின் பக்தர். அவருக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது. அந்தக் காலத்துத் தோலும் மரமும் எடையை இடம் பார்த்துப் பகிர்ந்துகொடுத்துவிடும். புதிது வாங்குகிற முட்டாள்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. நெஞ்சுவலிக்கு முன்னால் ஏன் கனத்தது என்றால், அப்போது தோல் இன்னும் பக்குவப்படவில்லை. மூன்று மாதம் எண்ணெய் குடித்துக்கொண்டு சும்மா கிடந்ததில் பக்குவப்பட்டுவிட்டது. மலையேறுகிறவர்களின் பத்திரிகை ஒன்றுக்கு இதை விளக்கி இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அச்சிலும் வந்தது. பாதையில் நைலான் பை போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வருகிற இளைஞர்களை நிறுத்தி, "என் பை எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்க" என்பார். காதில் தொங்கும் அட்டையைப் புரட்டிக் காட்டுவார். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஐம்பது வயதுக்காரர் பதினெட்டு கிலோவோடு விசில் அடித்துக்கொண்டு ஏறுகிறார்.

அடுத்த வருஷம் டாக்டரிடம் போய், உங்கள் பத்து கிலோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஒரே குறைதான். மனைவி மெதுவாக வந்தாள். முன்பெல்லாம் பக்கத்திலேயே வந்தவள், போகப் போகப் பின்தங்க ஆரம்பித்தாள். ஏற்றம் முடிகிற இடத்தில் பெரிய தட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. இவர் அதில் ஏறி உட்கார்ந்து, சாவி கொடுக்கிற பாக்கெட் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். அவள் வந்து சேர்ந்ததும் நிமிஷத்தைச் சொல்வார். நோட்டில் குறித்தும் வைப்பார். சராசரி பதினேழு.

"ஆறு கிலோவுக்கே இந்தப் பாடு. என் பையைக் குடுத்தா நீ பஸ் ஸ்டாண்டுலயே குடித்தனம் வெச்சுடுவ."

"குடுத்துத்தான் பாருங்களேன்" என்பாள் அவள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

இது அவர்களுக்குள் நிரந்தர வேடிக்கை. இருநூற்றுச் சொச்சம் தடவை சொல்லியிருப்பார். அவளும் இருநூற்றுச் சொச்சம் தடவை அதே பதில்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது.

கடைசிக்கு முந்தின நாள், தங்கை மாற்று ட்யூப் எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவள் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லாட்டாலும் சனிக்கிழமை போகணும். வீட்டுல உக்காரக் கூடாது."

"சும்மா இரு. நீயும் வருவ."

"ஸ்டவ்வு, வாணலி, முளை, கோடாலி, விளக்கு. இந்த அஞ்சையும் வீட்டுல வெச்சுட்டுப் போங்க. கேட்டுதா? அஞ்சு."

"அதெல்லாம் இல்லாம போறதுக்கு நான் என்ன டூரிஸ்ட்டா?"

அவர் அதைத் தமாஷாகத்தான் சொன்னார். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கை வந்து ட்யூபை மாட்டிவிட்டாள். அக்கா இன்னும் ஐந்து, ஐந்து என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று எடைக்கல் நினைத்தார்.

அவள் போன பிறகு அவருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு உத்தரவு: சனிக்கிழமை போக வேண்டும். பதினைந்து வெள்ளிக்கிழமைகளைத் தராசைப் பார்க்காமல் கடத்தினார். சந்தையில் ஒரு நாள் கையில் வைத்த கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். பழக் கடைக்காரருக்குப் பயமாகப் போய்விட்டது, திட்டாவது திட்டிவிட்டுப் போங்கள் என்று கூடவே நாலு கடை தூரம் வந்தார். இந்த மலையை மறுபடி ஏறிவிட்டால் மற்ற நாட்களையும் எப்படியாவது ஓட்டிவிடலாம், ஏற முடியாவிட்டால் இனி எதற்கும் லாயக்கில்லை என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பதினாறாவது வெள்ளிக்கிழமை பையை அடுக்கினார். ஐந்து சாமான் உட்பட. டூரிஸ்ட் இல்லையே. பதினெட்டு நானூறு. அட்டை எழுதிக் கட்டினார். பழக்கத்தில் இன்னொரு அட்டையில் ஆறு என்று எழுதிவிட்டு, அதைக் கட்டப் பை இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை சவரம் முடித்து வந்தார். மேசை மேல் பை தானாக நின்றுகொண்டிருக்கவில்லை. தரையில் கிடந்தது. குனிந்து தூக்கினார். பாதி வழியில் கீழே விட்டார்.

துக்கம் ஆளை இவ்வளவு பலவீனமாக்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். பஸ் படியில் நடத்துநர் பின்னாலிருந்து பையைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. மலையடியில் இறங்கி ஏற்றத்தைத் தொட்டார். நாற்பது அடி போயிருப்பார். தோல்வார் தோளை அறுத்தது. மூச்சு பாதியில் நின்றது. மார்பில் அந்தப் பழைய இடத்தில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வழியோரம் உட்கார்ந்துவிட்டார். நைலான் பையோடு இறங்கி வந்த ஒரு ஜோடி, ஐயா என்ன ஆச்சு என்று தண்ணீர் கொடுத்தது. அந்தப் பெண் அவர் பையை நகர்த்தப் பார்த்து, அம்மாடி என்றாள். இவர் அட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸில் வீடு.

பையைத் தராசில் ஏற்றினார். பதினெட்டு நானூறு. நம்ப முடியவில்லை. எப்போதும் பதினெட்டு நானூறுதானே, இன்று மட்டும் எப்படி இப்படி? உலகத்தில் எது பொய் சொன்னாலும் தராசு சொல்லாது என்று இருந்தவர், முதல் தடவையாகத் தன் வீட்டுத் தராசைச் சந்தேகப்பட்டார். திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து முத்திரை போட்ட பித்தளைப் படிக்கற்களைப் பெட்டியோடு எழுதிக் கொடுத்து வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மேடையில் வைத்துச் சோதித்தார். ஒரு கிராம் பிசகில்லை.

தராசு சரி. பை சரி. அப்படியானால் பொய்யான எடை எங்கேயோ முன்னால் இருந்திருக்கிறது. முப்பது வருஷ உத்தியோகம் அவரை மெதுவாகத் திருப்பி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மனைவியின் பைக்கு முன்னால் கொண்டு நிறுத்தியது.

பறிமுதல் செய்த கல்லைப் புரட்டிப் பார்ப்பதுபோல அந்தப் பையைப் புரட்டினார். அடிப்பக்கத்துத் துணியில் மண்ணெண்ணெய் வாடை. அதில் முக்கோணமாக மூன்று வட்டத் தழும்புகள். ஸ்டவ்வை எடுத்து வந்து அதன் மூன்று கால்களையும் வைத்துப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்தது. பக்கவாட்டில் நாலைந்து இடத்தில் குத்தின ஓட்டைகள், இரும்புத் துரு. முளைகள். தோள்வாரின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினார். அடியில் நைலான் நரம்பு. மீன் பிடிக்கிற நைலான் நரம்பால் மூன்று வரிசைத் தையல். ஒன்று அறுந்து அதன்மேல் இன்னொன்று, அதுவும் அறுந்து இன்னொன்று. நைலானைத் தன் வாசலைத் தாண்டி உள்ளே விடமாட்டேன் என்று பத்திரிகையில் எழுதியவர் அவர்.

பைக்குள் அந்தச் சின்னத் தலையணை மட்டும் இருந்தது.

ஐந்து சாமானையும் தன் பையிலிருந்து வெளியே எடுத்தார். அந்த இடத்தில் தலையணையைத் திணித்தார். பை உப்பி, பழைய வடிவத்துக்கு வந்து நின்றது. மேடையில் ஏற்றினார். ஒன்பது கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. டாக்டர் சொன்ன பத்துக்கு ஐம்பது கிராம் உள்ளே. அந்த மேடையில் அவள் தனியாக, அவர் அலுவலகம் போன ஏதோ ஒரு பகலில், ஒவ்வொன்றாக வைத்தும் எடுத்தும் நிறுத்திருக்க வேண்டும். எடைக்கல்லின் மனைவி. குத்துமதிப்பாகச் செய்யவில்லை.

பிறகு அவள் பையை ஏற்றினார். போர்வை, துணி, தண்ணீர், ரொட்டி எடைக்கு அரிசி, கூட ஐந்து சாமான். பதினாலு கிலோ நானூற்றைம்பது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவள் நாற்பத்தேழு கிலோ இருந்தாள். அந்த மெஷினை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். இவர்தான் முத்திரை குத்தியிருந்தார்.

சாயங்காலம் கொழுந்தியாள் டூட்டி முடிந்து வந்தபோது, கூடம் இரண்டு பையும் தராசும் பித்தளைக் கற்களும் நடுவில் அவருமாக இருந்தது. அவள் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும்."

"ஏன் சொல்லல?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்கார வேறு இடம் இல்லாமல் தராசு மேடையில் உட்கார்ந்தாள். முள் ஆடி நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"சொன்னா நீங்க போக மாட்டீங்கன்னு சொன்னா அக்கா. போகாட்டா ஸ்டவ்வ மடியில வெச்சுத் தொடச்சுட்டே செத்துப்போயிடுவாருன்னா. நான்கூடச் சண்டை போட்டேன், உனக்கு என்னடி தலையெழுத்துன்னு. அவர் சவரம் பண்ற நேரம்தான் எனக்கு, அதுக்குள்ள மாத்தணும், நீ போன வைன்னுவா."

அவர் மனைவி பையின் வாரை மடித்து வைத்தார். பிறகு, "அவளுக்கு அந்த ஏரி பிடிக்குமா?" என்று கேட்டார். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் கேட்க மறந்த கேள்வி.

நர்ஸ் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்ததாகவும் இருக்கலாம்.

"பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிக்கும்பா."

அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் சீட்டில் எப்போதும் உட்கார்ந்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெளிச்சம் வேண்டும், பறவை பார்க்க வேண்டும் என்று பைனாகுலரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

கேட்க வேண்டியதை அவர் இன்னும் கேட்கவில்லை. தரையில் இருந்த ஒரு கிலோ கல்லை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே கேட்டார்.

"இந்தச் சுமையாலதானா?"

"இல்ல மாமா. அது ரத்தத்துல வந்தது. சுமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நிஜமா சொல்றியா?"

"நிஜமா."

முப்பது வருஷமாக யார் சொன்ன எடையையும் தானே நிறுத்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதில்லை அவர். இதை வைத்துப் பார்க்க அவரிடம் தராசு எதுவும் இல்லை. சரி என்றார். அவள் தேநீர் போட உள்ளே போனாள். கேஸ் அடுப்பில் ஐந்து நிமிஷத்தில் போட்டு எடுத்து வந்தாள். அதை அவர் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தெருமுனைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரேஸரால் நாலு நிமிஷத்தில் சவரம் செய்துகொண்டார். கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறல். பை மேசை மேல் நின்றது. இரவே ஏற்றி வைத்திருந்தார். உள்ளே கூடாரம், கம்பளி, தலையணை. ஐந்து சாமானும் வீட்டில். முளையும் இல்லாமல் கூடாரத்தை எப்படி நடுவது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அட்டையில் ஒன்பது தொள்ளாயிரத்து ஐம்பது என்று எழுதியிருந்தார். கட்டிய பிறகு அவிழ்த்து மேசையிலேயே வைத்துவிட்டார்.

பஸ்ஸில் உள்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் சீட்டு காலியாக இருக்கிறதே என்று ஒரு காய்கறிக்காரம்மா கேட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, உட்காருங்கள் என்று காலை ஒதுக்கினார்.

ஏற்றத்தில் பை பூ மாதிரி இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, ஆனால் மூச்சு முட்டவில்லை. வழியில் யாரையும் நிறுத்தி எதையும் காட்டவில்லை. தட்டைப் பாறைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைத் திறந்தார். இதற்கு மட்டும் அவரிடம் காரணம் கேட்கக் கூடாது. பதினேழு நிமிஷம் முள்ளைப் பார்த்தார். பாதை திரும்புகிற இடத்தில் யாரும் வரவில்லை.

பிறகு எழுந்து, வந்த வழியே கீழே இறங்கினார். பதினோரு வருஷத்தில் அவர் பாறையிலிருந்து அவளைத் தேடிக் கீழே இறங்கி வந்து பார்த்ததே இல்லை. சனிக்கிழமைகளில் அவருக்குப் பாதை மேலே போகிறதாக மட்டும்தான் இருந்தது. நூறு அடி தள்ளி, திருப்பத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. பையைக் கழற்றாமலே பின்பக்கம் சாய்த்துப் பாரத்தை இறக்கிக்கொள்ளத் தோதான உயரம். ஒரே இடத்தில் பாசி போய் வழுவழுப்பாகியிருந்தது. எத்தனையோ பேர் சாய்ந்திருப்பார்கள். அவளாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கல்லின் ஓரத்தில் துருப்பிடித்த கீறல் ஒன்று இருந்தது. அது முளை கீறியதா என்று அவர் உரசிப் பார்க்கவில்லை.

பையை அந்த வழுவழுப்பில் சாய்த்து நின்றார். தோளிலிருந்து பாரம் இறங்கியது. தலையை நிமிர்த்தினார்.

இலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. அதற்குள், சட்டம் போட்ட படம் மாதிரி, மேலே தட்டைப் பாறை. அதில் உட்கார்ந்திருப்பவர் இங்கே இருப்பவரைப் பார்க்க முடியாது. இங்கிருந்து பார்த்தால் அவர் முகம், கையில் கடிகாரம், மார்பு ஏறி இறங்குவது வரைக்கும் தெரியும். மலை ஏறி முடித்ததும் நெஞ்சுவலி வந்தவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருங்கள் என்று டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். இவர் டாக்டரும் அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அவர் அங்கேயே நின்று காலிப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.